குறைந்த மாவுச்சத்து உணவில் கொழுப்பின் பங்கு: குன்னூரிலிருந்து இரண்டரை ஆண்டு அனுபவம்

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 என்று, சர்க்கரை நோயின் எல்லையை நெருங்கிய பரிசோதனை முடிவு வந்த வாரத்தில் சோற்றையும் உருளைக்கிழங்கையும் மாலைத் தேநீருக்கான வர்க்கியையும் நிறுத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். கொழுப்பு கெடுதல் என்று காலங்காலமாகக் கேட்டுப் பழகியதால் நெய்யையும் எண்ணெயையும் சேர்த்தே நிறுத்தி, முட்டையின் வெள்ளைக்கரு, தோலுரித்த கோழி, வேகவைத்த முட்டைக்கோஸ் என்று சாப்பிட்டு வந்தேன். காலை பதினொரு மணிக்கே பசியில் கை நடுங்கும். இரவுக் குளிர் இரண்டு கம்பளிக்கும் அடங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு தட்டுச் சோற்றோடு அந்த முயற்சி முடிந்தது.

தவறு எங்கே என்பது கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. நான் நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் மாவுச்சத்து உண்டுகொண்டிருந்தவன்; அதை 60 கிராமாகக் குறைத்ததில் 960 கலோரி பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப எதையும் வைக்காமல், கொழுப்பையும் பிடுங்கிவிட்டால் அது பட்டினியே தவிர உணவுமுறை ஆகாது. புரதத்தை மட்டும் கூட்டி ஈடுகட்டவும் முடியாது. 1928இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், இறைச்சியை மட்டுமே உண்ணும் சோதனைக்கு உட்பட்ட துருவப் பயணி ஸ்டெஃபான்சன், கொழுப்பற்ற இறைச்சியைத் தின்ற சில நாட்களிலேயே வயிறு கெட்டு நலிந்தார். கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறினார்.

இரண்டாம் முறை, புரதத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, 50 கிராம் கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்தேன். அது 450 கலோரி. மீதிப் பள்ளத்தை உடலிலிருந்த கொழுப்பே நிரப்பட்டும் என்று விட்டேன். முழு முட்டை, பனீர், நெய்யில் வதக்கிய பீன்ஸ் என்று உண்டதில், மதியம் வரை பசி தலைகாட்டவில்லை. முதல் வாரத் தலைவலிக்கு மட்டும் உப்புப் போட்ட மோர் தேவைப்பட்டது. மாவுச்சத்தைக் குறைத்ததால் இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றிவிடுகிறது. (தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், எங்கள் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி போத்தலை வெந்நீரில் நிறுத்திவிட்டுத்தான் சமைக்க முடியும், நான் கடலை எண்ணெய்க்கு மாறியதற்கு ஆரோக்கியத்தைவிட இந்தச் சோம்பல்தான் முதல் காரணம்.)

அடுத்து எதிர்ப்பக்கம் சறுக்கினேன். கொழுப்பு நல்லது என்றால் இன்னும் நல்லது என்று எண்ணி, காப்பியில் வெண்ணெய், எல்லாவற்றின் மீதும் நெய் என்று போனதில், "என்னங்க சார், வீட்டுல விசேஷமா?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. எடை ஐந்து மாதம் அசையவில்லை. தட்டிலிருந்தே தேவைக்கு வேண்டிய கொழுப்பு வந்துகொண்டிருக்கும்போது, உடல் தன் சேமிப்பைக் கரைக்க வேண்டிய அவசியம் என்ன? அதைவிடக் கவலை தந்தது எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால்: 118இலிருந்து 171. நெய்யில் பாதிக்கும் மேற்பட்டது நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை உயர்த்தக்கூடியது என்பதை, மாவுச்சத்தைக் குறைத்துவிட்டோம் என்ற துணிச்சலில் மறந்திருந்தேன்.

மருத்துவரின் ஆலோசனைப்படி நெய்யை நாளுக்கு ஒரு தேக்கரண்டியாக்கி, மீதிக்குக் கடலை எண்ணெய், பாதாம், நிலக்கடலை, பருவத்தில் குன்னூர் மார்க்கெட்டில் கிடைக்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) என்று மாற்றினேன். பட்டர் ஃப்ரூட்டில் மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்து உண்டு, கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது. சர்க்கரையும் பாலும் சேர்த்து அடித்துக் குடிக்காமல், உப்பும் மிளகும் தூவித் தின்னப் பழகியது எனக்குப் பெரிய லாபம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தை வெட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அதே அளவு மருந்து தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்.

இப்போது எடை 84இலிருந்து 73 கிலோ, எச்பிஏ1சி 5.6, எல்டிஎல் 129. கடைசி எண் இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் அந்த ஒரு தேக்கரண்டி நெய்யையும் இந்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கியிருக்கிறேன்.