இருக்கிறதா, எங்கே, எப்போது கிடைக்கும்: சிறு நூலகத்துக்கு எந்த முறை ஒத்துவரும்?

சிறு நூலகத்தின் கவுன்ட்டரில் நாள் முழுக்க மூன்று கேள்விகள்தான் வரும். இந்தப் புத்தகம் இருக்கிறதா? எந்த அலமாரியில்? வெளியே போயிருந்தால் எப்போது கிடைக்கும்? ஐந்தாயிரம் புத்தகங்களும், ஒரு முழுநேர ஊழியரும், மாலையில் வந்து உதவும் ஒருவரும் உள்ள இடத்தில், இந்த மூன்றுக்கும் சட்டென்று சரியாகப் பதில் சொல்ல எந்த முறை உதவுகிறதோ அதையே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

அட்டையா, மென்பொருளா?

பிரௌன் முறை என்ற பழைய அட்டை முறையில் வேலை செய்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிய பையில் ஒரு சிறு அட்டை இருக்கும். அதில் சேர்க்கை எண் (நூலகத்தில் சேர்க்கும்போது ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் எண்), ஆசிரியர், தலைப்பு. உறுப்பினரிடம் பை வடிவில் ஒரு டிக்கெட். புத்தகம் எடுக்கும்போது அட்டையை உருவி டிக்கெட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிக்குப் பின்னால் தட்டில் வைத்தால் வேலை முடிந்தது. தேதி முத்திரை ஒன்று போதும், பேனாகூட வேண்டாம். மின்சாரம் போனாலும் நிற்காது. இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், டிக்கெட் உறுப்பினர் கைக்குப் போய்விடும். யார் எதைப் படித்தார் என்ற தடயமே மிஞ்சாது.

மூன்றாவது கேள்வியில்தான் இந்த முறை திணறும். தட்டு தேதிவாரியாக அடுக்கப்பட்டது. ஒருமுறை ஒரு தையல் புத்தகத்தைக் கேட்டு ஒரு அம்மா வந்தார். அலமாரியில் இல்லை. 14 நாள் இரவல் என்றால் அத்தனை தேதிகளுக்குப் பின்னாலும் அந்த ஒரு எண்ணைத் தேட வேண்டும். விரல் நுனியால் அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போகிறேன், அதற்குள் வரிசையில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். "பரவாயில்லை தம்பி, அடுத்த வாரம் வர்றேன்" என்று அவர் போய்விட்டார். அந்த அட்டை கெடு தாண்டிய கட்டில் கிடந்தது. அதில் ஒரு வண்ணக் கிளிப்பை மாட்டி வைத்தேன். முன்பதிவுக்கு அந்த முறையில் அதுதான் வழி.

மென்பொருள் இந்த இடத்தில் நொடியில் பதில் சொல்லும். கோஹா என்ற இலவச மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய கணினி அமைப்பு 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை வந்தபோது, அவர்களுக்காக எழுதப்பட்டது இது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. சின்ன நூலகங்களின் தேவையிலிருந்து பிறந்ததால் இரவல், முன்பதிவு, நினைவூட்டல் எல்லாமே அதில் உண்டு.

மென்பொருள் இலவசம்தான், ஆனால் அதை நடத்துவதற்குச் செலவு உண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்ளவும், காப்புப் பிரதி எடுக்கவும், புதிய பதிப்புக்கு மாற்றவும் ஒருவர் வேண்டும். அதைவிடப் பெரிய வேலை பழைய புத்தகங்களை உள்ளிடுவது. ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் ஐந்தாயிரத்துக்கு 400 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 200 நாளைத் தாண்டும். ஆங்கிலப் புத்தகம் என்றால் பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகங்களுக்கு வெளிநாட்டு நூலகப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வருகின்றன. அதை அப்படியே விட்டால் தமிழில் தட்டச்சு செய்து தேடுபவருக்கு "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும், புத்தகம் எதிரிலேயே இருந்தாலும்.

என் தீர்ப்பு: சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் உறுதியாக உண்டென்றால் கோஹா. இல்லையென்றால் இரவலுக்கு அட்டையே இருக்கட்டும், புத்தகப் பட்டியலை மட்டும் கணினியில் ஏற்றுங்கள். பாதி உள்ளிட்டுக் கைவிட்ட மென்பொருளைவிட முழுமையான அட்டைத் தட்டு மேல். மாறுவதானால் அடிக்கடி வெளியே போகும் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகலாம். அப்புறம், திரும்பிய இரவல்களிலிருந்து உறுப்பினர் பெயரை நீக்கும் வசதி கோஹாவில் உண்டு. அதை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

எக்செல் தாள் முதல் கேள்விக்கு நன்றாகவே உதவும், இரவலுக்கு ஆகாது. ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்எஃப்ஐடி வில்லைகள் இந்த அளவு நூலகத்துக்குத் தேவையே இல்லை, பார்கோடு போதும்.

எண்வரிசையா, பொருள்வரிசையா?

புத்தகங்களைப் பொருளுக்கு ஏற்ப எண் கொடுத்து அடுக்கும் முறை டியூயி தசமப் பகுப்பு. 1876-இல் வந்த அதன் பலம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஓர் எண் என்பது. புதிதாக வந்த உதவியாளர்கூட எண்ணைப் பார்த்துச் சரியாக அடுக்கிவிடுவார். வாசகர் பக்கம் இருந்து பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை. நாய் வளர்ப்பு 636.7, காட்டில் வாழும் நாய் இனங்கள் 599.77. நாய் பிடிக்கும் ஒரு சிறுவனை இரண்டு அலமாரிகளுக்கு அலையவிடுகிறது. 2007-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் மாரிக்கோப்பா வட்டார நூலகம் ஒரு கிளையில் டியூயியையே விட்டுவிட்டுப் புத்தகக் கடை மாதிரிப் பொருள்வாரியாக அடுக்கியது அதனால்தான்.

தமிழ் நூலகத்தில் இன்னொரு சிக்கல். தமிழ் இலக்கியத்துக்கு டியூயியில் 894.811. புத்தகங்களில் பாதி இலக்கியமாக இருந்தால் பாதி அலமாரிகள் இந்த ஒரே எண்ணில் தொடங்கும். முதுகில் அவ்வளவு நீள எண்ணை ஒட்டியும் வாசகருக்கு ஒன்றும் புரியாது. ஆகவே இலக்கியத்துக்கு நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்று எழுத்தில் பலகை வைத்து, அதற்குள் ஆசிரியர் பெயர் வரிசை. மற்றவற்றுக்கு டியூயியின் முதல் மூன்று இலக்கங்களோடு நிறுத்தி, மேலே பொருள் பெயரை எழுதிவிடலாம். ஆசிரியர் வரிசையில் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இயற்பெயரையோ புனைபெயரையோ எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காவிட்டால், ஒரே எழுத்தாளர் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

வைத்திருப்பதா, கழிப்பதா?

எதையும் எறியக் கூடாது என்று நினைக்கும் நூலகர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர்களோடு உடன்பட முடியவில்லை. பத்து வருடம் பழைய மருந்துப் புத்தகத்தை நம்பி ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனால் அது சேவையல்ல, ஆபத்து. டெக்ஸாஸ் மாநில நூலகம் வெளியிடும், எதைக் கழிப்பது என்று வழிகாட்டும் க்ரூ கையேடு இதற்கு ஒரு சுருக்கமான குறி வைத்திருக்கிறது. 5/3 என்று இருந்தால், வெளியாகி ஐந்தாண்டு தாண்டியோ, மூன்றாண்டாக யாரும் எடுக்காமலோ இருக்கும் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள் என்று பொருள். எடுத்துப் பார்க்கச் சொல்கிறதே தவிர எறியச் சொல்லவில்லை. மருத்துவம், சட்டம், கணினி என்றால் கறாராக இருக்கலாம். சிறு பதிப்பகத்தில் ஒரே பதிப்போடு நின்றுபோன கவிதைத் தொகுப்பை யாரும் எடுக்காவிட்டாலும் நான் கழிக்க மாட்டேன், வேறு எந்த நூலகத்திலாவது பிரதி இருப்பது உறுதியாகும் வரை. கழித்ததைச் சேர்க்கைப் பதிவேட்டில் அன்றே அடித்துவிடுங்கள். அடிக்காமல் விட்டால் முதல் கேள்விக்கே பொய்ப் பதில் வரும்.

மின்னூல் சந்தாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சுப் புத்தகம் நூலகத்தின் சொத்து, மின்னூலில் பெரும்பாலும் உரிமம்தான் கிடைக்கும். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் திரும்ப வாங்க வேண்டும் என்று விதித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்றால் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். நல்ல தைத்த அட்டைப் புத்தகம் அதைவிட நாள் தாங்கும். தனி நூலகமாக இதில் இறங்காமல் பல நூலகங்கள் சேர்ந்து வாங்கலாம். அதுவரை, 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டம் போன்ற இலவசத் தொகுப்புகளை வாசகருக்குக் காட்டிக் கொடுங்கள்.

தாமதக் கட்டணம் வேண்டுமா?

கட்டணம் இருந்தால் புத்தகம் நேரத்துக்கு வரும் என்பது ஒரு கட்சி. கட்டணத்துக்குப் பயந்தே புத்தகமும் ஆளும் திரும்ப வராமல் போகிறார்கள் என்பது மறு கட்சி. சிக்காகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை நீக்கியது. தொலைத்தால் விலையைக் கட்ட வேண்டும், அது மாறவில்லை. பழையதைத் திருப்பும் வரை புதியது கிடையாது என்பதே போதுமான கண்டிப்பு என்று நானும் நினைக்கிறேன். முன்பதிவு உள்ள புத்தகத்துக்கு மட்டும் நாமே தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும்.

அந்தத் தையல் புத்தகத்தை வைத்திருந்தவரை அப்படித்தான் அழைத்தோம். கட்டணம் சேர்ந்திருக்குமே என்று தயங்கி இரண்டு மாதமாக வரவில்லை என்றார். கட்ட வேண்டாம், கொண்டு வந்தால் போதும் என்றோம். மறுநாள் காலையில் செய்தித்தாள் உறை போட்டுக் கொண்டுவந்து வைத்தார். வண்ணக் கிளிப்பைக் கழற்றி, அட்டையைப் பைக்குள் செருகிவிட்டு, காத்திருந்த அம்மாவுக்கு உடனே போன் செய்தேன்.