கான்கால் போகிறவர்கள் சிப்பியின் நம்பரைத் தெரிந்துகொண்டு போங்கள்

பிரான்சில் பிரெத்தாஞ் கரையிலுள்ள கான்காலுக்குக் கடல் உணவு சாப்பிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கோடையில் குடும்பமாகப் போயிருந்தோம். அங்கே துறைமுகத்தை ஒட்டிய உணவகம் ஒன்றில் எங்களை ஏமாற்றினார்கள். பணம் போனதைவிட, எங்களோடு தங்க வந்திருந்த மாமனாருக்கும் மாமியாருக்கும் முன்னால் அப்படி நடத்தினார்களே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் ஊரைப் பற்றி. கான்கால் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஐயாயிரம் பேர் வாழும் சின்ன ஊர், சிப்பி வளர்ப்பால் பெயர் பெற்றது. எதிரே வளைகுடா. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் தீவின் மேல் மடாலயம் நிற்கும் மோன் சென் மிஷேல் தெரியும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றம் உள்ள கடல்களில் இதுவும் ஒன்று. நீர்மட்டம் சில நாள்களில் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றும்போது சிப்பி வளர்க்கும் இரும்பு மேசைகள் வரிசை வரிசையாக வெளியே தெரியும், டிராக்டர்கள் அதற்குள் இறங்கிப் போகும். உணவகங்களுக்கு மிஷ்லன் வழிகாட்டி கொடுக்கும் மிக உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரத்தை 2006-இல் வாங்கிய சமையல் கலைஞர் ஒலிவியே ரோலாஞ்சே சமைத்த ஊரும் இதுதான்.

துறைமுகப் பகுதிக்கு லா ஊல் என்று பெயர். அதன் கோடியில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், வளர்ப்பவர்களே நடத்தும் சிப்பிக் கடைகள் உண்டு. நம்பரும் விலையும் எழுதி வைத்திருப்பார்கள். நாம் கேட்டதை நம் கண்முன்னே திறந்து, எலுமிச்சைத் துண்டோடு தட்டில் வைத்துத் தருவார்கள். கடலைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கீழே கரையில் எறிந்துவிடலாம். அங்கே அதுதான் வழக்கம். போய்ச் சேர்ந்த மாலையே அங்கே சாப்பிட்டோம். அத்தைக்குச் சமைக்காத சிப்பி பிடிக்காது என்று நினைத்திருந்தேன், அவர்தான் இன்னொரு தட்டு வாங்கச் சொன்னார்.

அந்தக் கடைக்காரப் பெண்மணி பொறுமையாக ஒரு விஷயத்தை விளக்கினார். பிரான்சில் சிப்பிக்கு எடையை வைத்து நம்பர் கொடுக்கிறார்கள், நம்பர் குறையக் குறையச் சிப்பி பெரிது. குழிவான ஓடு உள்ள சாதாரணச் சிப்பிக்கு ‘க்ரூஸ்’ என்று பெயர். அதில் நம்பர் 5 என்றால் ஓட்டோடு சேர்த்து 30 முதல் 45 கிராம், நம்பர் 4 என்றால் 46 முதல் 65 கிராம், நம்பர் 3 என்றால் 66 முதல் 85 கிராம், நம்பர் 2 என்றால் 86 முதல் 120 கிராம். அதற்கு மேல் 1, 0 என்று போகும். ‘ப்ளாத்’ என்ற தட்டைச் சிப்பி வேறு இனம், அதற்கு நம்பர் கணக்கும் தனி. அவர் ஒரு நம்பர் 2-ஐயும் நம்பர் 4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் மதியம் அந்தப் படம் பயன்பட்டது.

மறுநாள் மாமாவுக்கு வெயில் தாங்காது என்பதால் நிழலில் உட்காரலாம் என்று துறைமுகத்து உணவகம் ஒன்றுக்குப் போனோம். வாசல் பலகையில் ஒருவருக்கான கடல் உணவுத் தட்டு 36 யூரோ என்று எழுதியிருந்தது. உட்கார்ந்ததும் பரிமாறுபவர் வந்து, அந்தத் தட்டுக்கு நேரமாகும், இன்று நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு சிறப்புத் தட்டு இருக்கிறது, ப்ளாத் சிப்பியும் நம்பர் 2 க்ரூஸும் வரும் என்றார். விலை என்ன என்று என் மனைவி கேட்டதற்கு, “கிட்டத்தட்ட அதே தான் மேடம்” என்று சொல்லிவிட்டு மெனு அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வந்த தட்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. நண்டு, இறால், நத்தை எல்லாம் இருந்தன, அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிப்பி அத்தனையும் ஒரே இனம். ப்ளாத் சிப்பியின் ஓடு வட்டமாக, தட்டையாக இருக்கும். க்ரூஸ் நீளமாக, மடிப்பு மடிப்பாக, அடியில் குழிந்து இருக்கும். ஒரு தடவை பார்த்தவர் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். தட்டில் வட்ட ஓடு ஒன்றுகூட இல்லை. இருந்த க்ரூஸும் முந்தின மாலை பார்த்த நம்பர் 4 அளவுதான்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இரண்டு சிப்பிக்கும் விலையில் நிறைய வித்தியாசம் உண்டு. ப்ளாத் தான் இந்தக் கடல்களின் பூர்வீகச் சிப்பி. 1970-களில் பரவிய ஒட்டுண்ணி நோய்கள் அதைப் பெருமளவில் அழித்துவிட்டன. இன்று பிரான்சில் விற்கும் சிப்பியில் மிகப் பெரும்பகுதி க்ரூஸ், அதுவும் ஜப்பானியக் கடல்களிலிருந்து கொண்டுவந்து வளர்த்த இனம். ப்ளாத் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது, அதனால் விலையும் அதிகம். அதன் பெயரைச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு மற்றதை வைப்பது கைத்தவறாக நடக்கிற விஷயம் இல்லை.

இன்னொன்று எனக்குப் பயத்தையே கொடுத்தது. சில சிப்பிகளில் நீரே இல்லை, சதை காய்ந்து ஓட்டில் ஒட்டியிருந்தது. உயிருள்ள சிப்பியைத் திறந்த உடனே தந்தால் அதற்குள் தெளிவான கடல்நீர் நிற்கும். கத்தி முனையாலோ எலுமிச்சைச் சாற்றாலோ தொட்டால் சதையின் ஓரம் லேசாகச் சுருங்கும். இவற்றில் எந்த அசைவும் இல்லை. எப்போதோ திறந்து வைத்திருக்கிறார்கள். வயதானவர்கள் பச்சையாகச் சாப்பிடும் பண்டம் இது. மாமா கையில் எடுத்ததை வாங்கிக் கீழே வைத்தேன்.

மேலாளரைக் கூப்பிட்டோம். சிப்பி திறந்ததும் சின்னதாகத் தெரியும் என்றார். ஓடு எப்படிச் சின்னதாகும் என்று கேட்டுப் போன் படத்தைக் காட்டினேன். உடனே கோடைக்காலம், சீசன் சரியில்லை என்று மாற்றினார். கோடையில் இனப்பெருக்கம் நடப்பதால் சிப்பி பால் பிடித்தாற்போல் வெளுத்து, சுவை மாறும், உண்மைதான். அதனால் நம்பர் 2 நம்பர் 4 ஆகிவிடாது. ப்ளாத் எங்கே என்றால் பதில் இல்லை, சமையலறையில் கேட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் அத்தை, “விடுங்க மாப்பிள்ளை, போயிரலாம்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். இப்படிக் கூச்சப்படுகிறவர்களை நம்பித்தான் இவர்கள் தொழில் ஓடுகிறது.

பில் 254 யூரோ. தட்டு 236, தண்ணீர் 18. வாசல் பலகைக் கணக்குப்படி நான்கு பேருக்கு 144 தான் ஆகியிருக்கும். தண்ணீருக்கு நாங்கள் கேட்டது கராஃப் தோ, அதாவது ஜாடியில் தரும் குழாய்த் தண்ணீர். பிரான்சில் சாப்பாட்டோடு அதற்குக் காசு வாங்கக் கூடாது, இலவசமாகக் கிடைக்கும் என்பதை அறிவிக்க வேண்டும் என்று 2020-இல் வந்த சட்டமே சொல்கிறது. இவர்கள் மூடி திறந்த பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். போதாக்குறைக்கு, கார்டு மெஷினில் டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று கேட்கும் திரை வந்தது. பிரான்சில் மெனு விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறது, டிப்ஸ் நம் விருப்பம்தான். அந்தத் திரையைத் தாண்டிப் போக எந்தப் பொத்தான் என்று தேடவேண்டியிருந்தது.

முதலில் கார்டு சீட்டை மட்டும் கொடுத்தார்கள். 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் என்ன சாப்பிட்டோம், ஒவ்வொன்றும் என்ன விலை என்று எழுதிய ‘நோத்’ கொடுத்தே ஆகவேண்டும். அதைக் கேட்டு நின்றேன். அதை அச்சடித்துத் தரும்போதுதான் தண்ணீர்க் காசைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அதே தாளில் “ப்ளாத் நம்பர் 2 – 12, க்ரூஸ் நம்பர் 2 – 12” என்று அவர்களே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கையில் தட்டின் படமும் இருந்தது.

அன்று இரவே இரண்டையும் சேர்த்து சிக்னல்கோன்சோவில் புகார் செய்தோம். 2020-இல் தொடங்கிய அரசுத் தளம் அது. வியாபாரம், விலை, ஏமாற்று விவகாரங்களைக் கவனிக்கும் தேசியத் துறை நடத்துகிறது. புகார் அந்தக் கடைக்குப் போகும், அவர்கள் பதில் சொல்லலாம், அதிகாரிகளும் பார்க்க முடியும். எங்களுக்கு வந்த பதில், “பரிமாறுவதில் ஒரு குழப்பம் நேர்ந்தது, வருந்துகிறோம்” என்பதோடு சரி. பணம் வரவில்லை. அந்தத் தளம் பணத்தை வாங்கித் தருவதற்கானது இல்லை. ஆனால் ஒரே இடத்தைப் பற்றிப் புகார்கள் சேரும்போது சோதனைக்கு எங்கே போகவேண்டும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும்.

கான்காலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சிப்பிக்குக் கலங்கரை விளக்கத்துக் கடைகளுக்கே போங்கள், நாங்கள் ஒரு டஜன் நம்பர் 3-க்கு 8 யூரோதான் கொடுத்தோம், ஒவ்வொன்றும் நீரோடு இருந்தது. உணவகத்தில்தான் உட்கார வேண்டும் என்றால் வாசல் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவில் இல்லாததைச் சொன்னால் விலையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். தட்டு வந்ததும் சாப்பிடுமுன் ஓடுகளைப் பாருங்கள். காய்ந்ததை யார் என்ன சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள். அதே துறைமுகத்தில் உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், நோத் கையில் இருக்கும்போதே சிக்னல்கோன்சோவில் பதிந்துவிடுங்கள், பிரான்சில் வசிக்காதவர்களும் பதியலாம்.