அன்றாடக் காரில் நான்கு முனை ரேஸிங் ஹார்னஸ்: ஒரு பாவனை மதிப்பீடு

இணையவழியில் விற்கப்படும் நான்கு முனை ரேஸிங் ஹார்னஸ் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. இரு தோள்களையும் இடுப்பையும் பிடித்து, நான்கு இடங்களில் காரோடு முடுக்கப்படும் பந்தயக் கார் பெல்ட்தான் அது. மூன்று அங்குல அகலத்தில் பளிச்சென்ற பச்சை நாடா, நடுவில் திருகித் திறக்கும் வட்டமான பக்கிள், முனைகளில் போல்ட்டில் மாட்டுவதற்கான உலோகத் தகடுகள், 'எந்தக் காருக்கும் பொருந்தும்' என்ற ஒரு வரி: பொதியில் இருப்பது இவ்வளவுதான். என் மனைவியின் தம்பி இதை வாங்கி, கல்முனைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் கொடுத்து, தன் பழைய ஹோண்டா சிவிக்கின் முன் ஆசனங்கள் இரண்டுக்கும் பொருத்தினார். அந்தக் காரை மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே நானும் அடிக்கடி ஓட்டுவதாலும், பொருத்திய வேலையைப் பிறகு கழற்றிப் பார்த்த வேளையில் கூடவே நின்றதாலும் இதை எழுதுகிறேன். விலை ஒரு சோடி நல்ல ரயரின் விலையிலும் குறைவு. அந்த விலைக்கு இது அலங்காரப் பொருளாக நியாயமானது; பாதுகாப்புச் சாதனமாக எந்த விலைக்கும் நியாயமானதல்ல என்பதே என் முடிவு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரையில், கையிலிருந்த காரையே மெருகேற்றி ஓட்ட வேண்டிய நிலை இங்கே பலருக்கு இருந்தது. ஸ்பொய்லர், அலோய் வீல், பக்கெட் சீட் என்று தொடங்கிய அந்த ஆசை இப்போது ஹார்னஸ் வரை வந்து நிற்கிறது. ஸ்பொய்லர் கழன்று விழுந்தால் ஸ்பொய்லர் மட்டுமே போகும். ஹார்னஸோ, மோதலின்போது ஆளைப் பிடித்து வைக்கும் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வந்து உட்காருகிறது; ஆகவே அதை வேறு அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். போட்டிகளில் ஏற்கப்படும் ஹார்னஸ்களின் நாடாவில் எந்தத் தரத்துக்கு அது சோதிக்கப்பட்டது என்ற அடையாளச் சீட்டு தைக்கப்பட்டிருக்கும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எப்.ஐ.ஏ.வின் 8853-2016, அமெரிக்காவின் பந்தயச் சாதனத் தர அமைப்பான எஸ்.எப்.ஐ.யின் 16.1 போன்றவை அத்தகைய தரங்கள். ஐரோப்பிய வீதிகளில் பாவிக்க அனுமதி பெற்றதாயின், ஆர் 16 என்ற சீட் பெல்ட் விதியின் கீழ், ஒரு வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் நாட்டு இலக்கமும் இருக்கும். ஜெர்மனிக்கு 1, இத்தாலிக்கு 3. இந்தப் பச்சை ஹார்னஸில் இருந்தது புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் எழுத்து வடிவத்தைப் பார்த்து அச்சடித்த ஒரு துணித் துண்டு மட்டுமே. தர இலக்கமும் இல்லை, தயாரித்த திகதியும் இல்லை. தோள் நாடாவை இறுக்கும் அட்ஜஸ்டரின் பற்கள் நாடாவை முழுமையாகக் கவ்வவில்லை. இறுக்கிவிட்டுக் கையால் வேகமாக இழுத்தால் நாடா கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. பக்கிளைத் திருகியபோது மூன்று நாக்குகள் விடுபட, இடப்பக்க இடுப்பு நாக்கு மட்டும் சில வேளைகளில் உள்ளேயே சிக்கி நின்றது. கைக்குச் சிக்குகிற நாக்கு, வளைந்து நெளிந்த காருக்குள் உடல் எடை தொங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று விளக்கத் தேவையில்லை.

வெயிலின் பங்கையும் சொல்ல வேண்டும். எப்.ஐ.ஏ. தர ஹார்னஸ்களுக்கு ஐந்து ஆண்டும், எஸ்.எப்.ஐ. தரத்தவற்றுக்கு இரண்டு ஆண்டும் என்று ஆயுள் குறித்து வைத்திருப்பதற்கு ஒரு காரணம், பொலியெஸ்டர் நாடாவின் இழைகளைப் புற ஊதாக் கதிர் நலிவடையச் செய்வதாகும். எங்கள் கரையோர ஊர்களில் நிழலில்லாத முற்றத்தில் நாள் முழுதும் நிற்கும் காருக்குள், சுருளுக்குள் மறைந்து கிடக்கும் வழமையான சீட் பெல்ட்டைப் போலன்றி, ஹார்னஸின் நாடா முழுவதும் ஆசனத்தின் மேல் விரிந்து காய்கிறது. கண்ணாடியை நோக்கியிருந்த பக்கத்தில் அந்தப் பச்சை வெளிறத் தொடங்கியிருந்தது.

பொருத்திய விதம் பொருளை விடவும் மோசமாக இருந்தது. இங்கே கராஜ்காரரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. பொருத்தும் வழிகாட்டி என்று ஒரு தாள்கூடப் பொதியில் இருக்கவில்லை. தோள் நாடாக்களை முன் ஆசனத்துக்குப் பின்னால் தரைத் தகட்டில் துளையிட்டு, சாதாரண வொஷர் போட்டு முடுக்கியிருந்தார்கள். தோள் நாடா பின்னோக்கிக் கிடையாகவோ சற்றுத் தாழ்வாகவோ செல்ல வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 10 பாகை அளவே சிறந்தது, 45 பாகையைத் தாண்டக் கூடாது என்பது எப்.ஐ.ஏ. தரும் அளவு. தரையில் முடுக்கிய நாடாவோ அதைத் தாண்டிச் செங்குத்தாக இறங்குகிறது. மோதலில் உடல் முன்னே பாயும்போது அந்த நாடா தோளைப் பின்னால் இழுப்பதோடு கீழேயும் அழுத்தும். அந்த அழுத்தத்தை வாங்குவது முதுகெலும்பு. துளையிட்ட தகடோ மெல்லியது. உள்ளும் புறமும் அகலமான வலுவூட்டும் தகடு வைக்காவிட்டால் போல்ட் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சீட் பெல்ட்டுக்கென்று கார் நிறுவனங்கள் பரவலாகப் பாவிக்கும் போல்ட் 7/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரியும் கொண்ட உறுதியான வகை. இங்கே அதற்குப் பதிலாகப் பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு போல்ட் போடப்பட்டிருந்தது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள்தானே, நல்ல ஹார்னஸை வாங்கி நன்றாகப் பொருத்தினால் போதாதா என்று கேட்கலாம். மைத்துனரும் அதையேதான் கேட்டார்: "அத்தான், ரேஸ்ல போடுற பெல்ட் இது, இதுக்கு மேல என்ன வேணும்?" கேள்வி நியாயமானது, விடைதான் நீளமானது.

1959 இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனை சீட் பெல்ட், இன்று தனியாக நிற்கும் ஒரு நாடா அல்ல. திடீர் இழுப்பில் பூட்டிக்கொள்ளும் சுருள், மோதிய கணத்திலேயே சிறு வெடிப்பால் தளர்வை உள்ளிழுக்கும் பிரீடென்ஷனர், விசை அளவு மீறும்போது நாடாவைச் சிறிது விட்டுக்கொடுத்து நெஞ்செலும்பைக் காக்கும் லோட் லிமிட்டர், அந்த விட்டுக்கொடுப்பைக் கணக்கில் எடுத்து விரியும் காற்றுப்பை ஆகியவை பிற்காலக் கார்களில் ஒன்றையொன்று எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகின்றன. பந்தயக் காரின் ஹார்னஸும் அதேபோல் ஒரு கூட்டத்தின் ஓர் உறுப்பினர்தான்; ஆனால் அது வேறு கூட்டம். நாடா நுழைய ஓட்டையுள்ள, பின்னால் சாயாத பக்கெட் சீட், தோள் உயரத்தில் குறுக்கே செல்லும் குழாய், கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜ், தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனம் ஆகியவை அந்தக் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்கள். ஒரு கூட்டத்தைக் கலைத்துவிட்டு மற்றக் கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் அழைத்து வருவதே அன்றாடக் காரில் ஹார்னஸ் பூட்டும் செயல்.

கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முனை பெல்ட்டில் ஒரு தோள் மட்டுமே பிடிபடுவதால் மேலுடல் சற்று முன்னே சுழன்று செல்ல, தலையும் அதனோடு போய்க் காற்றுப்பையில் சாய்கிறது. ஹார்னஸில் இரு தோள்களும் ஆசனத்தோடு இறுகி நிற்க, தலை மட்டும் முன்னே வீசப்படுகிறது. 2001 பெப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா 500 கார்ப் பந்தயத்தில் ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். ஹார்னஸும் தலைக்கவசமும் இருந்தன, ஹான்ஸ் இருக்கவில்லை. அதே ஆண்டு அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பும், 2003 இல் பார்முலா 1 உம் தலை, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கின. காய்கறி வாங்க ஹான்ஸ் பூட்டிக்கொண்டு போவார் யாருமில்லை.

கார் உருளும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கூரை நசுங்கினால் பக்கவாட்டில் சாய்வதற்கு மூன்று முனை பெல்ட் ஓரளவு இடம் தரும். ஹார்னஸ் ஆளை நிமிர்த்தியே வைத்திருக்கும். அதைத் தவிர்க்க ரோல் கேஜ் வைத்தாலோ, தலைக்கவசம் இல்லாத தலைக்கு அருகில் இரும்புக் குழாய் வந்துவிடுகிறது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று தேவைப்பட்டு, கடைசியில் அது பந்தயக் காராகத்தான் போய் முடியும்.

நான்கு முனை என்பதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. தோள் நாடாவை இறுக்கும்போது நடு பக்கிள் மேலே இழுபட்டு, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய நாடா மென்மையான வயிற்றுக்கு ஏறிவிடுகிறது. மோதலில் இடுப்பு அதன் கீழாக வழுக்கிச் செல்ல, நாடா குடலையும் ஈரலையும் அமுக்கும். இதைத் தடுக்கவே ஐந்து, ஆறு முனை ஹார்னஸ்களில் கால்களுக்கிடையே நாடா வருகிறது. சேலையோடு முன் ஆசனத்தில் ஏறும் மாமியிடமோ சாரத்தோடு கடைக்குப் போகும் மாமாவிடமோ அந்த ஐந்தாவது நாடாவைப் பற்றிப் பேச்செடுக்கும் துணிவு எனக்கில்லை. ஜெர்மனியின் ஷ்ரோத் நிறுவனம் இதற்கு ஒரு மாற்று வழி கண்டிருக்கிறது: ஒரு தோள் நாடாவில் மட்டும் மோதலின்போது விட்டுக்கொடுக்கும் மடிப்புத் தையலை வைத்து, மேலுடல் சற்றுத் திரும்ப இடம்கொடுத்து, இடுப்பு வழுக்குவதைக் குறைக்கிறார்கள். குறிப்பிட்ட கார்களுக்கென்று 'ஈ' அடையாளத்துடன் வரும் அத்தகைய நான்கு முனை ஹார்னஸ் வேறு தரத்துப் பொருள். அதன் பச்சை நகலை வாங்கி அதன் குணத்தையும் எதிர்பார்க்க முடியாது.

அன்றாட ஓட்டத்தில் இது எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முடிவைத் தந்தது. முறையாக இறுக்கிக் கட்டினால் ஆசனத்தோடு ஒட்டிவைத்தது போன்ற பிடிப்பு கிடைக்கிறது. வளைவுகளில் உடல் ஆடாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க அது உதவுகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதியிலிருந்து வரும் வண்டியைப் பார்க்க முன்னே எட்டிப் பார்க்க முடியாது. பேரீச்சை மரங்கள் நிற்கும் காத்தான்குடிப் பிரதான வீதியில் ஓரமாக நிறுத்திய காரைப் பின்னோக்கி எடுக்கும்போது உடலைத் திருப்ப முடியாது. கைப்பையை எடுக்கவும், அடுத்த பக்கக் கண்ணாடியை இறக்கவும் கை எட்டாது. ஆகவே எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம், நாடாவைத் தளர்த்தினோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. கார் சடுதியாக நிற்கும்போது, தளர்ந்த நாடா இறுகும் வரை உடல் அதே வேகத்தில் தடையின்றி முன்னே போகும். அந்தத் தளர்வை உள்ளிழுக்கச் சுருளும் இல்லை, பிரீடென்ஷனரும் இல்லை. இறுக்கினால் வீதியைப் பார்க்க முடியாது, தளர்த்தினால் பெல்ட்டாக இருக்காது: எங்கள் வீதிகளில், மாடு குறுக்கே வருவதும் அறுவடை இயந்திரம் இருட்டில் விளக்கின்றிப் போவதும் வழமையாயிருக்கும் இடத்தில், இரண்டுமே கூடாது.

பின் ஆசனமும் பயனற்றுப் போய்விட்டது. கால் வைக்கும் இடத்தில் நாடாக்கள் குறுக்கே செல்ல, பிள்ளைகள் ஏறி இறங்கும்போதெல்லாம் தடுக்கினார்கள். விபத்து நடந்தால் இங்கே முதலில் ஓடி வருபவர்கள் கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெல்ட் விடுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். வட்டமான பக்கிளை எந்தப் பக்கம் திருகுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்திலோ நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்திலோ ஓட்டுபவர், ரோல் கேஜும் தலைக்கவசமும் ஹான்ஸும் கொண்ட காரில், செல்லுபடியாகும் தரச் சீட்டுள்ள ஆறு முனை ஹார்னஸைப் பூட்டட்டும். அதே காரை வீதியிலும் ஓட்டுவதானால் தொழிற்சாலை தந்த மூன்று முனை பெல்ட்டைக் கழற்றாமல் வைத்து, வீதியில் அதையே போட வேண்டும். முன் ஆசனத்தில் இருப்போர் சீட் பெல்ட் அணிவது 2011 முதல் இங்கே சட்டமும்கூட.

மைத்துனரின் காரில் ஹார்னஸைக் கழற்றி, தரைத் துளைகளை வெல்டிங் செய்து அடைத்து, பழைய பெல்ட்டையே மீண்டும் பூட்டினோம். ஹார்னஸுக்கு ஒதுக்கிய பணத்தை இருக்கிற பெல்ட்டைச் சோதிப்பதில் செலவழிப்பது எவ்வளவோ மேல். பெல்ட்டை மெதுவாக முழுதும் வெளியே இழுத்து, ஓரங்களில் இழை பிரிந்திருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடுக்கென இழுத்தால் பூட்ட வேண்டும்; விட்டால் தானாக முழுதும் உள்ளே போக வேண்டும். மாற்ற வேண்டியிருந்தால் உடைத்த வாகனங்களின் உதிரிப்பாகக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மோதிய காரின் பெல்ட்டில் பிரீடென்ஷனர் ஏற்கெனவே வெடித்திருக்கக்கூடும். நாடா சுருளுக்குள் போகாமல் இறுகி நிற்பதும், பக்கிளின் தண்டு கட்டையாகிப் போயிருப்பதும் அதற்கான அறிகுறிகள். வாங்கிய காரிலேயே அப்படி வெடித்த பெல்ட் இருக்கலாம். காற்றுப்பைக் கோளாறைக் காட்டும் எச்சரிக்கை விளக்கை ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து அணைத்து விற்பவர்களும் உண்டு என்பதால், விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல், ஸ்கேனர் உள்ள கராஜில் காட்டுவதோடு மேலுறையைக் கழற்றிச் சுருளையும் பக்கிளையும் நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.