“நீங்கள் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னால்

என் இடைக்கால ஜீவனாம்ச மனு தள்ளுபடியாகி ஐந்து மாதம் கழித்துத்தான் அந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது. அந்த ஐந்து மாதமும் வாய்தாவுக்கு வாய்தா என் வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: “எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டிருக்கிறது அம்மா. நீங்கள் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.”

விவாகரத்து, குழந்தையின் பொறுப்பு, ஜீவனாம்சம் என்று குடும்பநல நீதிமன்றத்தின் படியேற வேண்டிய நிலையில் இருப்பவர்கள், வழக்கறிஞரை நமக்காக ஆஜராக நியமிக்கும் படிவமான வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த வழக்கறிஞரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

உறவினர் ஒருவர் சொல்லி அவரிடம் போனோம். என் அப்பா அவரை “சார், சார்” என்று அழைத்து, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினார். அந்தச் சந்திப்பு இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. என் கணவரின் சம்பளம் எவ்வளவு, வீடு யார் பெயரில் இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் கேட்டார். மகளுக்கு என்ன வயது, அவளை யார் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள், நான் ஏன் பிரிய நினைக்கிறேன், எதையும் கேட்கவில்லை. “ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன். குழந்தை உங்களுக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம்” என்றார். நிரந்தர ஜீவனாம்சம் கைக்கு வரும்போது அதில் பத்தில் ஒரு பங்கு தமக்குத் தர வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

அன்று எனக்குத் தெரியாதவற்றை இன்று சொல்கிறேன். இருவரும் ஒத்துப்போய்க் கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு ஆறு மாத இடைவெளி வைத்திருக்கிறது. தகுந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. என் கணவரோ எதிர்த்து நின்றார். அப்படிப்பட்ட வழக்கில் ஆறு மாதம் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றுதான் 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. எந்த வயதானாலும் குழந்தையின் நலனையே நீதிமன்றம் முதலில் பார்க்கும். ‘சந்தேகமே வேண்டாம்’ என்று சொல்ல அங்கே இடமில்லை. தீர்ப்பில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையோ வழக்கறிஞர்களின் ஒழுங்குமுறை அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளே தடை செய்திருக்கின்றன. முதல் இருபது நிமிடத்திலேயே மூன்று தவறு நடந்திருந்தது. எங்களுக்குத்தான் கண் தெரியவில்லை.

வெளியே குமாஸ்தா வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார். கூடவே நாலைந்து வெற்றுத் தாள்களிலும் வாங்கினார். “உங்களைத் திரும்பத் திரும்ப அலைய வைக்க வேண்டாமே அம்மா” என்றார். அந்தக் கனிவை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

அடுத்து அவர் தந்த ஆலோசனையை எழுதும்போது இன்னமும் நெஞ்சு அடைக்கிறது. “அவர் குழந்தையைப் பார்க்க வந்தால் காட்டாதீர்கள். அப்போதுதான் இறங்கி வருவார்.” நானும் அப்படியே செய்தேன். மகளின் பிறந்தநாளன்று என் கணவர் ஒரு துணிப்பையோடு வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். அவள் உள்ளே ஜன்னல் பக்கம் போகாதபடி நான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். எங்களுக்குள் ஆயிரம் இருக்கலாம். அவள் மீது அவருக்கு இருந்த பாசத்தில் குறை எதுவும் இல்லை. அந்த அரை மணி நேரத்தை என்னால் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை அவர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் நீதிமன்ற உத்தரவின் நகல் இருந்தது. வாரந்தோறும் சனிக்கிழமை குழந்தையைத் தந்தையிடம் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் போட்ட மனுவுக்கு எங்கள் தரப்பில் பதிலுரையும் இல்லை, ஆஜரும் இல்லை. ஒருதலைப்பட்சமாக உத்தரவாகியிருந்தது. அப்படி ஒரு மனு வந்ததே எனக்குத் தெரியாது. மகள் தந்தையைப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை, அது அவள் உரிமை. நான் கதவைச் சாத்திய தேதிகளெல்லாம் வரிசையாக அந்த உத்தரவில் ஏறியிருந்தன. அதுதான் என்னை உலுக்கியது.

அந்த நகலில் வழக்கு எண் இருந்தது. அலுவலகத் தோழி ஒருத்தி இ-கோர்ட்ஸ் செயலியைக் காட்டித் தந்தாள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதைப் போட்டால் எந்தத் தேதியில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது என்பதெல்லாம் கைப்பேசியிலேயே தெரியும். காசு ஒன்றும் வேண்டாம். அங்கேதான் என் ஜீவனாம்ச மனுவின் நிலையைப் பார்த்தேன். தொடர்ந்து மூன்று வாய்தாக்கள் யாரும் ஆஜராகவில்லை. நான்காவதில் தள்ளுபடி. சமரசப் பேச்சுக்கு நான் நேரில் வர வேண்டிய நாளும் அவற்றில் ஒன்று. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தில், வழக்கறிஞரை வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை என்றுகூட இல்லை; நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கணவனும் மனைவியும் நேரில் வந்து பேச வேண்டும் என்று நினைத்து உருவாக்கிய நீதிமன்றம் அது. அங்கே போகவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

பிறகு நகல் மனுப் போட்டு, என் பெயரில் தாக்கலான விவாகரத்து மனுவை முதல் முறையாகப் படித்தேன். என் கணவர் தினமும் குடித்துவிட்டு வந்து குழந்தையை அடிப்பார் என்று எழுதியிருந்தது. அவர் குடிப்பவர் அல்லர். குழந்தை மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. என் உண்மையான காரணங்கள் வேறு, அவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில், இவையெல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்ற வாசகத்துக்குக் கீழே என் கையெழுத்து. குறுக்கு விசாரணையில் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். வழக்கறிஞரிடம் கேட்டேன். “கோர்ட் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் அம்மா” என்றார். என் வழக்கு ஆவணங்களைத் திருப்பிக் கேட்டபோது, பாக்கியைத் தீர்த்தால்தான் தருவேன் என்றார்.

கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சொன்னவர் இப்போது என் வழக்கை நடத்தும் பெண் வழக்கறிஞர். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வந்தவர். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உண்டு. இது முதலிலேயே தெரிந்திருந்தால் அப்பா தன் சேமிப்பில் கை வைத்திருக்க மாட்டார். முந்தையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினோம். அவர் தர மறுத்திருந்தாலும், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்கறிஞரை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அதற்காகப் பயந்து யாரும் ஒருவரிடமே கிடக்க வேண்டியதில்லை.

புதிய வழக்கறிஞர் முதல் நாளே வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் கேட்டார். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறதாம். என் பழைய வழக்கு ஆவணங்களில் அது இல்லவே இல்லை. அதே தீர்ப்பில், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் இருக்கிறது. தள்ளுபடியான மனு மீண்டும் கோப்பில் ஏறினால் என் பழைய தேதி நிற்கும். ஏறாவிட்டால் அத்தனை மாதங்களும் போனவைதான். பள்ளிக் கட்டணத்துக்கு என் வளையல்களை அடகு வைத்த மாதங்கள் அவை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். முடியாது. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டு முறை வங்கி வழியாக அனுப்பியதும், “வர வேண்டாம்” என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறுஞ்செய்திகளும்தான் கையில் இருக்கின்றன. தள்ளுபடியான நாளன்று மாலை வந்த செய்தியும் அதில் இருக்கிறது: “இன்று வாய்தா மட்டும்தான் அம்மா, கவலைப்படாதீர்கள்.”

விவாகரத்து மனுவில் இருந்த பொய்களை நீக்கத் திருத்த மனுப் போட்டிருக்கிறோம். சனிக்கிழமைகளில் மகளை நானே கொண்டுபோய் விட்டு வருகிறேன். ஜீவனாம்ச மனுவை மீட்கும் மனு வரும் 18ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. தேதியை நானே செயலியில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கெல்லாம் நீதிமன்றத்தில் இருப்பேன்.