நீரோட்டம் பார்க்கும் மின்தடை ஆய்வு: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும்?

கொங்கு வட்டாரத்திலும் சேலம், தருமபுரி பக்கமும் போர் போடுமுன் மிஷின் வைத்து நீரோட்டம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதில் காசு கொடுக்கத் தகுந்தது இன்னமும் பழைய முறைதான்: நாலு கம்பி ஊன்றி, வெளிக் கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்தம் அளக்கும் மின்தடை ஆய்வு. மேல்மண்ணுக்கு அடியில் சிதைந்த பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லும். எண்ணூறு அடியில் இரண்டு இன்ச் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லாது. அப்படிச் சொல்பவர் கருவியில் பார்த்துச் சொல்லவில்லை.

கணக்கைப் போட்டாலே தெரியும். ஷ்லும்பெர்ஜர் அமைப்பில், அதாவது உள் கம்பிகளை நடுவில் நெருக்கமாக வைத்து வெளிக் கம்பிகளைப் படிப்படியாகத் தள்ளிக்கொண்டே போகும் முறையில், கருவி பார்க்கும் ஆழம், வெளிக் கம்பிகளுக்கு இடையிலுள்ள மொத்த தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு (0.19). பக்கத்துக்கு 100 மீட்டர், மொத்தம் 200 மீட்டர் ஒயர் இழுத்தால் 38 மீட்டர், அதாவது சுமார் 125 அடி. ஆயிரம் அடி பார்க்க ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஒயர் நேர்கோட்டில் ஓட வேண்டும். மூன்று ஏக்கர் தோட்டத்தில் எங்கே ஓடும்? ஓட்டினாலும் அந்த ஆழத்தில் இருக்கும் அரை அடி கேப் (பாறை வெடிப்பு), அளவுகளை வைத்து வரையும் வளைகோட்டில் தெரியாது. ‘பக்கத்துக்கு எத்தனை மீட்டர் ஒயரோ அத்தனை மீட்டர் ஆழம்’ என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தாராளக் கணக்கு.

ஆய்வு நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வறண்ட மண்ணில் கம்பியைச் சும்மா செருகிவிட்டுப் போனால் மின்சாரம் இறங்காது, அளவு தாறுமாறாகத் துள்ளும். உப்புத்தண்ணீர் ஊற்றி ஆழமாக அடிக்க வேண்டும். கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், பழைய போரின் இரும்பு கேசிங் ஆகியவற்றுக்கு இணையாக ஒயர் ஓடினால் மின்சாரம் அந்த வழியே போய்விடும். தடை குறைவாகக் காட்டும், அதைத் தண்ணீர் என்று எழுதிவிடுவார்கள். வெளிக் கம்பிகள் தூரம் போனதும் உள் கம்பிகளையும் அகட்டி நகர்த்தும் இடத்தில் பழைய இடைவெளியிலும் புதிய இடைவெளியிலும் அளவு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வளைகோடு அங்கே ஒடியும், ஒட்டவைக்க வழியில்லை. நல்ல ஆள் அதே புள்ளியில் குறுக்காக இன்னொரு முறையும் ஓட்டுவார். இரண்டு வளைகோடும் ஒத்துப்போகவில்லை என்றால் கீழே அடுக்கு சீராக இல்லை. ஆழக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

குறைந்த தடை எல்லாம் தண்ணீர் இல்லை என்பதுதான் பலரும் ஏமாறும் இடம். பத்து ஓம் மீட்டர் என்றால் பெரும்பாலும் களிமண். கடலோரத்தில் ஐந்துக்குக் கீழே போனால் உப்புநீர். நம் சார்னோக்கைட், நைஸ் பாறைப் பகுதியில் நீர் தாங்கிய சிதைவு அடுக்கு சில பத்துகளில் தொடங்கி நூறு சொச்சம் வரை காட்டும், கெட்டிப் பாறை ஆயிரத்தைத் தாண்டும். தடிமனும் தடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால், ஒரே வளைகோட்டுக்கு இரண்டு மூன்று விடைகள் பொருந்தும். பக்கத்துத் தோட்டத்துப் போரில் எத்தனை அடி கேசிங் இறங்கியது, எந்த அடியில் ஊற்று வந்தது என்று விசாரிக்காமல் விடை எழுதுபவரின் அறிக்கைக்கு மதிப்பு குறைவு.

கலர் படம் காட்டும் சிறு கருவிகள் வேறு ரகம். அவை மின்சாரம் செலுத்துவதில்லை, நிலத்தில் இயற்கையாக உள்ள மின்புலத்தை அளக்கின்றன. படத்தில் தண்ணீர் என்று காட்டப்படும் நீலம், அளந்த அந்தக் கோட்டுக்குள் ஒப்பீடு மட்டுமே. மின்கம்பிக்கு அடியில் எடுத்த படத்தைத் தூக்கிப் போடலாம். எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று இடத்தைச் சுருக்க உதவும், ஆழத்துக்கு வேண்டாம்.

காசு கொடுக்குமுன் அறிக்கையில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: ஒவ்வொரு இடைவெளிக்கும் எடுத்த அளவு, வரைந்த வளைகோடு, ஒயர் ஓடிய திசை, அடுக்குகளின் ஆழம். ‘பாயின்ட் நன்று, 750 அடி’ என்ற ஒற்றை வரிச் சீட்டுக்கு ஆய்வே தேவையில்லை, குச்சி பார்ப்பவர் போதும். வேளாண் பொறியியல் துறையும் விவசாயிகளுக்குக் கட்டணத்தின் பேரில் இந்த ஆய்வைச் செய்து தருகிறது.

கெட்டிப் பாறை 60 அடியில் என்று வந்தால், கேசிங் அதைத் தாண்டிச் சில அடி பாறைக்குள் உட்கார வேண்டும் என்று ரிக் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கேசிங்குக்கு அடிக்கணக்கில் தனி ரேட். 40 அடியோடு நிறுத்தினால் மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும்.