குழந்தை எடை மெஷின்: ஒரு பழைய அங்கன்வாடி டீச்சரின் மதிப்பீடு

பேத்தி பிறந்ததும் மகள் ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் எடை மெஷின் இது. விலை 2,000 ரூபாய்க்குள். 20 கிலோ வரை நிறுக்கும், 10 கிராம் வரை காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உத்தரத்தில் ஸ்பிரிங் தராசைக் கட்டி, துணியில் பிள்ளையைத் தொங்கவிட்டு, அது வீறிட்டுத் துள்ளும்போது முள் எங்கே நிற்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்த எனக்கு, இதைக் கண்டதும் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சாமானில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டு குழிவு, பிள்ளை உருளாது. துண்டு விரித்துப் பட்டனை அழுத்தினால் அதன் எடையைக் கழித்துவிடும். பிள்ளை கை காலை உதைத்தாலும் சற்று நேரத்தில் எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வைத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது. மெத்தைமேல் வைத்து நிறுக்காதீர்கள், வெறுந்தரைதான் சரி.

கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் வம்பு. மகள் காலையில் ஒருமுறை, பால் கொடுக்குமுன் ஒருமுறை, கொடுத்தபின் ஒருமுறை என்று நிறுக்க ஆரம்பித்தாள். முதல் மூன்று மாதத்தில் பிள்ளை ஒரு நாளைக்கு ஏறுவதே 25, 30 கிராம்தான். நனைந்த நாப்கின் ஒன்று அதைவிடக் கனக்கும். இதில் நேற்றைக்கும் இன்றைக்கும் கணக்குப் பார்த்து என்ன தெரியும்? எண் இறங்கிய அன்று சம்பந்தியம்மா, "பால் பத்தலைம்மா, டப்பா பால் கொடு" என்பார். மகள் கண் கலங்குவாள்.

நான்காம் மாதத்தில் இந்தக் கூத்து இன்னும் கூடியது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முதலில் மளமளவென ஏறி, மூன்று மாதத்துக்குப் பிறகு நிதானிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டையைப் பாருங்கள்: நடுத்தரப் பெண் குழந்தை பிறக்கையில் 3.2 கிலோ, மூன்று மாதத்தில் 5.8, ஆறில் 7.3, ஒன்பதில் 8.2. ஏற்றம் குறைந்துகொண்டே வருகிறதா இல்லையா? தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை இந்தியா (டெல்லி) உட்பட ஆறு நாடுகளில் அளந்து போட்ட கோடு அது. மெஷினோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன்.

பெட்டியில் இன்னொரு வாசகம்: 'இன்றே அளவிடுங்கள், நாளைய உடல் பருமனைத் தடுங்கள்.' எடை பார்த்தால் பருமன் குறையுமா? தாய்ப்பாலே அதைத் தடுத்துவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பெலாரஸ் நாட்டில் 1996, 97இல் 31 மருத்துவமனைகளில் 17,000 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வை மகள் போனில் படித்துக் காட்டினாள். தாய்ப்பாலுக்கு ஊக்கம் தந்த மருத்துவமனைகளில் தாய்மார்கள் கூடுதல் காலம் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் பதினொன்றரை வயதில் பருமன் குறையவில்லை. மறுபக்கம், புரதம் அதிகமுள்ள பவுடர் பால் குடித்த பிள்ளைகள் ஆறு வயதில் கூடுதல் கனமாக இருந்ததை ஐரோப்பிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. கொழுகொழு என்று இருந்தால்தான் ஆரோக்கியம் என்பவர்கள் காதில் இது விழட்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைவான பிள்ளை என்று டாக்டர் அடிக்கடி நிறுக்கச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள், காசுக்கு ஏற்ற பொருள். மற்றவர்கள் மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்குத் தூக்கிப் போங்கள். அங்கே இலவசமாக நிறுத்து, அட்டையில் புள்ளியும் வைத்துக் கொடுப்பார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மெஷின் இப்போது என் பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம். மாதப் பிறப்பன்று மட்டும் வெளியே எடுக்கிறேன்.