கச்சான் சாக்குக்குக் கராம்பு எண்ணெயா, கறுவா எண்ணெயா?

சித்திரை மழை ஓய்ந்தபின் மாமி வீட்டுக் கொட்டிலில் கச்சான் சாக்கை அவிழ்த்தோம். மண்சுவரில் சாய்ந்திருந்த பக்கத்துக் கோதுகளில் மட்டும் மஞ்சள்பச்சைத் தூள் படிந்திருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடை போட வைத்திருந்த கச்சான். "கராம்பு எண்ணெய் தெளித்து வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்காதோ?" என்று மாமி கேட்டார். பல்வலிக்கு வாங்கிய சின்னப் போத்தல் ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும்.

வீண் கேள்வி இல்லை. கராம்பு எண்ணெயில் மிகுந்திருக்கும் யூஜினோல், பூஞ்சணக் கலத்தின் மென்சவ்வைக் குலைத்து வளரவிடாமல் செய்கிறது. கறுவா இலை எண்ணெயிலும் பெரும்பங்கு அதே யூஜினோல்தான். இரண்டில் மலிவானதை வாங்கினால் போதும். கறுவாப் பட்டை எண்ணெய் வேறு சாதி. அதன் பலம் சின்னமால்டிஹைடு. இலை எண்ணெயைவிட விலையும் மிக அதிகம். ஓமத்தில் தைமோலும், வேலியோரம் வளரும் எலுமிச்சம்புல்லில் சிட்ரலும் பூஞ்சணத்தை அடக்கும்.

ஒருமுறை மூன்று ஜாம் போத்தல்களில் பாண் துண்டு போட்டு, இரண்டின் மூடிக்கடியில் எண்ணெய் தோய்த்த பஞ்சை ஒட்டிப் பார்த்தேன். எண்ணெய் இல்லாத பாணில் நான்காம் நாளே சாம்பல் பூத்தது. எலுமிச்சம்புல் எண்ணெய் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. பட்டை எண்ணெய்ப் போத்தல் பத்தாம் நாளும் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தப் பாணை வாயில் வைக்க முடியவில்லை, நாக்கு எரிந்தது. பூஞ்சணத்தை அடக்கும் அளவும் மனிதர் சாப்பிடக்கூடிய அளவும் ஒத்துவராததுதான் இந்த எண்ணெய்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல்.

கச்சானில் சிக்கல் இரட்டிப்பாகும். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கராம்பு எண்ணெய் அந்தக் கொழுப்பில் கரைந்து ஒதுங்கிவிட, பூஞ்சணத்தைத் தொடும் பங்கு குறைந்துபோகும். மணம் மட்டும் பருப்பில் ஏறும். கராம்பு மணக்கும் கச்சானைக் கோயில் வாசலில் யார் வாங்குவார்? ஆவியாக வேலை செய்யட்டும் என்றால் இறுக மூடிய வாளி வேண்டும். சாக்கில் அது மெல்லப் பறந்துவிடும்.

உணவு பழுதாகாமலிருக்கக் கடையில் விற்கும் சோடியம் பென்சோவேற்று புளிப்பான கோடியலுக்கும் ஜாமுக்கும் உரியது, இங்கே உதவாது. வேப்பிலையை வண்டுக்குப் போடலாம். பூஞ்சணத்துக்கு நான் நம்பமாட்டேன்.

ஆகவே என் வாக்கு படங்குக்கும் வெயிலுக்கும்தான். பருப்பின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சணம் தலையெடுக்காது. அளக்கக் கருவி இல்லையென்றால் கோதைக் காதருகே ஆட்டிப் பாருங்கள்: கிலுகிலுக்க வேண்டும். பருப்பைக் கடித்தால் நசியாமல் நறுக்கென்று உடைய வேண்டும். பிறகு சாக்கைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். மாமி காயவைத்ததில் குறையில்லை; சுவர்தான் ஈரத்தைக் கொடுத்துவிட்டது. மூடிய வாளியில் விதைக்கச்சான் வைப்பவர் வேண்டுமானால் கறுவா இலை எண்ணெயை முயலலாம், அங்கே சுவை பற்றிய கவலை இல்லை.

பழுதானதைக் கோழிகளுக்குப் போடலாம் என்றார் மாமி. நான் விடவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கால்தான். அப்படித்தான் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சே தெரியவந்தது. வறுத்தாலும் அது முழுதாக அழியாது, எந்த எண்ணெயைப் பின்னர் தெளித்தாலும் போகாது. கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். மாமிக்கு அன்று முழுக்க முகம் சரியில்லை.